காலை ஆறு, மாலை ஏழு: கோலாலம்பூரில் உடற்பயிற்சியாளர் ஆவது பகுதி நேரமாகவா, முழு நேரமாகவா?

பத்துமலையின் 272 படிகளை மூச்சு வாங்காமல் ஏறுகிறீர்கள். "தொப்பை குறைய என்ன செய்யலாம்?" என்று அலுவலகத்தில் எல்லோரும் உங்களைத்தான் கேட்கிறார்கள். ஜிம்முக்குப் புதிதாக வருபவர்கள் உங்களையே பயிற்சியாளர் என்று நினைத்துச் சந்தேகம் கேட்கிறார்கள். ஒரு மாலை ஜாலான் ஈப்போ நெரிசலில் மாட்டிக்கொண்டு நிற்கும்போது அந்த எண்ணம் வருகிறது: இதையே தொழிலாக்கிக்கொண்டால் என்ன?

எனக்கும் அப்படித்தான் வந்தது. செந்தூலில் குடியிருந்துகொண்டு ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தில் கணக்கராக இருந்தேன். நான்கு ஆண்டுகள் பகுதி நேரமாகப் பயிற்சி கொடுத்த பிறகே வேலையை விட்டேன். இடையில் செய்த தவறுகளுக்கு, கணக்கராக இருந்தும், கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. கீழே இருப்பது நான் செய்திருக்க வேண்டிய வரிசை.

முதலில் கடிகாரம்

சான்றிதழ், சம்பளம், சட்டம் எல்லாம் பிறகு. முதலில் ஒரு தாளில் திங்கள் முதல் ஞாயிறு வரை கட்டம் போட்டு, காலை 6 மணியிலிருந்து இரவு 10 மணிவரை எழுதிக்கொள்ளுங்கள். இப்போது யோசியுங்கள்: காசு கொடுத்து உடற்பயிற்சி செய்யக்கூடியவர் எப்போது ஓய்வாக இருப்பார்? வேலைக்குப் போவதற்கு முன்னால், வேலை முடிந்து வந்த பின்னால், சனிக்கிழமை காலையில். அவ்வளவுதான். அவருடைய ஓய்வு நேரம் உங்களுடைய வேலை நேரம்.

நாதஸ்வரக்காரர்களுக்குத் தெரிந்த சங்கடம் இது. ஒரே முகூர்த்தத்தில் நான்கு கல்யாணம் வந்தாலும் ஒன்றுக்குத்தான் போக முடியும். ஆடி பிறந்துவிட்டால் வாத்தியத்தை உறையில் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். பயிற்சியாளருக்கு ஒவ்வொரு நாளும் இரண்டு முகூர்த்தம், நடுவில் ஒரு குட்டி ஆடி மாதம்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. பகுதி நேரமாகச் செய்பவர் இந்த விலைபோகும் நேரத்தில் ஒரு பங்கை ஏற்கெனவே விற்றுக்கொண்டிருக்கிறார். அலுவலகத்தை விட்டால் அவருக்குப் புதிதாகக் கிடைப்பதில் பெரும்பகுதி காலை 10 முதல் மாலை 4 வரையிலான, வாங்க ஆள் குறைவான நேரம். வேலையை விட்டால் பயிற்சி நேரம் மூன்று மடங்காகும் என்று மனக்கணக்குப் போடுகிறவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான்.

கட்டத்தில் பயண நேரத்தையும் குறியுங்கள். செந்தூலிலிருந்து மொண்ட் கியாராவுக்கு ஞாயிறு காலை போவதும் வேலை நாளில் மாலை ஆறு மணிக்குப் போவதும் ஒரே தூரம் என்று வரைபடம் சொல்லும், நம்பாதீர்கள். மாலை மழை வேறு. மோட்டார் சைக்கிளில் போகிறவர் மேம்பாலத்துக்கு அடியில் ஒதுங்கி நிற்கும் அரை மணி நேரத்துக்கு யாரும் காசு தருவதில்லை.

சான்றிதழுக்கு முன் முதலுதவி

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒருவர் சரிந்தால் என்ன செய்வீர்கள் என்பதற்குப் பதில் தெரியாமல் யாருக்கும் எடை தூக்கக் கற்றுக்கொடுக்கக் கூடாது. மலேசியச் செம்பிறைச் சங்கமும் செயின்ட் ஜான் ஆம்புலன்சும் முதலுதவி, சி.பி.ஆர். (இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்திச் செய்யும் உயிர்காப்பு) வகுப்புகள் நடத்துகின்றன. அதை முதலில் முடியுங்கள். எப்படியும் பெரிய பயிற்சியாளர் சான்றிதழ்கள் எல்லாவற்றுக்கும் அது தேவை.

கோலாலம்பூர் ஜிம்களில் அதிகம் அடிபடும் பெயர்கள் அமெரிக்க அமைப்புகளுடையவை: ஏ.சி.இ., என்.ஏ.எஸ்.எம்., ஏ.சி.எஸ்.எம்., என்.எஸ்.சி.ஏ. நான் இரண்டாவதைப் படித்தேன். அதன் எழுத்துகளைச் சேர்த்துப் படித்தால் நம் காதில் 'நாசம்' என்று விழும். "காசு கட்டி நாசம் படிக்கிறானாம்" என்று அம்மா உறவினர்களிடம் ஓர் ஆண்டு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். எதை எடுத்தாலும் 18 வயது நிறைந்திருக்க வேண்டும். முதலிரண்டையும் 2 ஆண்டுக்கு ஒருமுறை, மற்ற இரண்டையும் 3 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்; அதற்குத் தொடர்கல்வி மணிகள் சேர்க்க வேண்டும். கட்டணம் டாலரில். ரிங்கிட் இறங்கியிருக்கும் மாதத்தில் அவசரப்பட்டுக் கட்டாதீர்கள்.

நான்கில் எது உயர்ந்தது என்று மாமாக் கடையில் ஒரு தே தாரிக் ஆறும்வரை வாதிடலாம். என் கருத்து: நீங்கள் சேர விரும்பும் ஜிம் எதை ஏற்கிறது என்று கேட்டு அதையே படியுங்கள். முழங்காலை எப்படி மடக்கச் சொல்வது என்பதைச் சான்றிதழ் கற்றுக்கொடுக்கும். ஐம்பத்தெட்டு வயது ஆண்ட்டி "முடியாது தம்பி" என்னும்போது அது உண்மையா சலிப்பா என்று கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுக்காது.

மூன்று பேர், பன்னிரண்டு வாரம்

வேலையை விடாமல் மூன்று பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வாரம் இரண்டு முறை, பன்னிரண்டு வாரம். இலவசமாக வேண்டாம், குறைந்த கட்டணமாவது வாங்குங்கள். இலவசமாக வருகிறவர் மழை பெய்தால் வரமாட்டார், அதனால் அவரிடமிருந்து உங்களுக்கு எந்தத் தகவலும் கிடைக்காது. மூவரில் ஒருவராவது நண்பராக இல்லாமல் இருக்கட்டும். ஒருவராவது உங்களைவிட இருபது வயது மூத்தவராக இருக்கட்டும்.

மூத்தவர் வேண்டும் என்று நான் அடம்பிடிக்கக் காரணம் உண்டு. 2019-ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வில், மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பது தெரிந்தது; இந்தியர்களில் மட்டும் அது 31.4 விழுக்காடு. 2023 ஆய்வில் பெரியவர்களில் பாதிக்கு மேல், 54.4 விழுக்காட்டினர், எடை கூடியவர்களாகவோ உடல் பருத்தவர்களாகவோ இருந்தார்கள். இந்தியர் அதிகம் உள்ள செந்தூலிலும் பிரிக்பீல்ட்ஸிலும் உங்களைத் தேடி வரப்போவது விளம்பரப் படத்தில் இருக்கும் உடம்பில்லை. காலையில் மெட்ஃபார்மின் என்ற நீரிழிவு மாத்திரையைப் போட்டுவிட்டு, முழங்கால் வலியோடு, மருத்துவர் "எக்சர்சைஸ் செய்யுங்கள்" என்று திட்டியதால் வருகிறவர்கள்.

ஆகவே முதல் நாளே 'பார்க்யூ' எனப்படும் கேள்வித்தாளை நிரப்பச் சொல்லுங்கள். அதன் முதல் பக்கத்தில் ஏழு கேள்விகள்: இதய நோய் அல்லது ரத்த அழுத்தம், நெஞ்சு வலி, தலைசுற்றல் இப்படி. ஏதாவது ஒன்றுக்கு 'ஆம்' வந்தால் அடுத்த பக்கங்களையும் நிரப்பிப் பார்த்து, தேவையென்றால் மருத்துவரிடம் அனுப்பிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். இன்சுலின் போடுகிறவர் சாப்பிடாமல் வந்தால் பயிற்சிக்கு நடுவே சர்க்கரை இறங்கிவிடலாம். கை நடுங்கும், வியர்க்கும், பேச்சு குழறும். என் பையில் எப்போதும் குளுக்கோஸ் மிட்டாய் இருக்கிறது. ரத்த அழுத்தத்துக்குப் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை சாப்பிடுகிறவருக்கு இதயத் துடிப்பு வேகமாக ஏறாது. கைக்கடிகாரம் காட்டும் எண்ணைப் பார்த்து "இன்னும் வேகமாக" என்று விரட்டக் கூடாது. பேசிக்கொண்டே செய்ய முடிகிறதா என்று பாருங்கள், அது போதும். மாத்திரையை நிறுத்தலாமா என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு உங்களுக்கு ஒரே பதில்தான்: மருத்துவரைக் கேளுங்கள்.

எங்கே வைத்துப் பயிற்சி கொடுப்பது? வாடிக்கையாளரின் கொண்டோ (அடுக்குமாடிக் குடியிருப்பு) ஜிம் வசதிதான், ஆனால் வெளிப் பயிற்சியாளரை அனுமதிக்கிறார்களா என்று நிர்வாக அலுவலகத்தில் அவரையே கேட்கச் சொல்லுங்கள். சில இடங்களில் கட்டணம் கேட்பார்கள், சில இடங்களில் காவலாளி வாசலிலேயே திருப்பி அனுப்புவார். தித்திவங்சா ஏரிப் பூங்காவும், 1.3 கிலோமீட்டர் ஓட்டப்பாதை உள்ள கே.எல்.சி.சி. பூங்காவும் காலையில் அருமையான இடங்கள். தனியாக ஒருவரோடு நடப்பதற்கு யாரும் எதுவும் சொல்லப்போவதில்லை. பத்துப் பேரை வரிசையில் நிறுத்திக் கட்டணம் வாங்குவதானால் பூங்காவை நிர்வகிப்பவர்களிடம் முன்பே அனுமதி கேளுங்கள்.

இந்தப் பன்னிரண்டு வாரமும் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். நடந்த வகுப்பு, கடைசி நேரத்தில் கைவிடப்பட்ட வகுப்பு, பயண நேரம், வாட்ஸ்அப்பில் பதில் எழுதிய நேரம், எல்லாவற்றையும் எழுதுங்கள். வாங்கிய பணத்தை வகுப்பு மணியால் வகுக்காமல் மொத்த மணியால் வகுங்கள். முதல் முறை அந்த எண்ணைப் பார்த்தபோது, பக்கத்து ரொட்டி சானாய் கடையில் மாவு வீசப் போகலாமா என்று எனக்குத் தோன்றியது.

எந்தப் பகுதி நேரம்?

'பகுதி நேரம்' என்ற சொல்லுக்குள் இரண்டு வேறு வாழ்க்கைகள் ஒளிந்திருக்கின்றன. ஜிம்மின் ஊழியராகப் பகுதி நேரம் வேலை செய்வது ஒன்று. 2010-ஆம் ஆண்டின் பகுதி நேர ஊழியர் விதிமுறைப்படி, முழு நேர ஊழியரின் வேலை நேரத்தில் 30 விழுக்காட்டுக்கு மேல், 70 விழுக்காட்டுக்கு மிகாமல் வேலை செய்பவரே பகுதி நேர ஊழியர். வாரம் 45 மணி நேரம் வேலை என்றால் பதின்மூன்றரை மணிக்கு மேல், முப்பத்தொன்றரை மணிவரை. இவருக்கு இ.பி.எஃப். என்ற ஊழியர் சேமநிதி, சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்புக் காப்புறுதி, விடுப்பு எல்லாம் அதற்குரிய அளவில் உண்டு. மற்றொன்று, ஜிம் இடம் மட்டும் தரும். நீங்கள் வகுப்புக்கு வகுப்பு பங்கு வாங்கிக்கொண்டு போவீர்கள். இதில் எந்தப் பாதுகாப்பும் தானாக வராது. ஒப்பந்தத்தில் எது எழுதியிருக்கிறது என்று கையெழுத்துக்கு முன் பாருங்கள். 'சுயேச்சை ஒப்பந்ததாரர்' என்று எழுதிவிட்டு, காலை ஆறு மணிக்கு வந்து மாலைவரை தரை துடைத்து, கருவிகளை அடுக்கி நிற்கச் சொன்னால் கேள்வி கேளுங்கள்.

முழு நேர ஊழியராகச் சேர்வதென்றால் அடிப்படைச் சம்பளத்தோடு வகுப்புக்குக் கமிஷன் என்பதே வழக்கமான ஏற்பாடு. 2025 முதல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி (ரிங்கிட்) என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். விற்பனை இலக்கு உண்டா, இலக்கை எட்டாத மாதம் என்ன ஆகும் என்றும் கேளுங்கள். பல ஜிம்களில் பயிற்சியாளர் வேலையின் பாதி, வகுப்புத் தொகுப்பை விற்பதுதான். விற்கக் கூச்சப்படுகிறவர் இதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

"வேலையை விட்டபின் ஓராண்டுக்கு வேறு ஜிம்மில் சேரக் கூடாது" என்ற வரியைப் பார்த்தால் பயந்து நடுங்க வேண்டாம். 1950-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், பிரிவு 28, ஒருவரின் தொழிலைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. வேலையில் இருக்கும்போதே ஜிம்மின் வாடிக்கையாளரை வெளியே அழைத்துப் போவது வேறு கதை, அது வம்பு. உங்கள் இப்போதைய அலுவலக ஒப்பந்தத்தையும் ஒருமுறை எடுத்துப் படியுங்கள். வேறு தொழில் செய்ய முன் அனுமதி வேண்டும் என்று அதில் இருக்கலாம்.

ஒரு எச்சரிக்கை, என் அனுபவத்திலிருந்து. நான் பகுதி நேரம் போய்வந்த ஒரு சிறிய ஜிம் ஒரு திங்கட்கிழமை திறக்கவே இல்லை. எனக்கு வர வேண்டிய இரண்டு மாதப் பங்கு போனது. அதைவிட, முப்பது வகுப்புக்கு முன்பணம் கட்டியிருந்த அங்கிள்மார்கள் என் முகத்தைத்தான் தேடி வந்தார்கள். அன்று முதல் யாரிடமும் பத்து வகுப்புக்கு மேல் முன்பணம் வாங்குவதில்லை.

இனி கணக்கு

கற்பனை எண்களை வைத்தே போடுவோம்; உங்கள் எண்களை நோட்டிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். அலுவலகச் சம்பளம் 3,500 வெள்ளி. இதற்கு முதலாளி கட்டும் இ.பி.எஃப். 13 விழுக்காடு, அதாவது 455 வெள்ளி. ஆக உங்கள் உண்மையான மாத வருமானம் 3,955. அந்த 455-ஐ எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

ஒரு வகுப்புக்கு 80 வெள்ளி என்று வைப்போம். முழு நேரமாக வாரம் 22 வகுப்பு நடத்தினால் மாதம் 7,040. ஜிம் பாதி எடுத்துக்கொண்டால் 3,520. ஆனால் ஆண்டுக்குப் பன்னிரண்டு மாதம் என்று பெருக்காதீர்கள், பத்து மாதம் என்று பெருக்குங்கள். நோன்பு மாதத்தில் முஸ்லிம் வாடிக்கையாளர்கள் நோன்பு திறப்பதற்குச் சற்று முன்போ தராவீஹ் என்ற இரவுத் தொழுகைக்குப் பிறகோதான் வருவார்கள், பாதிப் பேர் நிறுத்திவைப்பார்கள். சீனப் புத்தாண்டில் நகரமே காலி. தீபாவளி வாரத்தில் நம்மவர்கள் முறுக்கோடு இருப்பார்கள். டிசம்பர் பள்ளி விடுமுறையில் குடும்பங்கள் ஊரில் இருக்காது. பத்து மாத வருமானத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் சுமார் 2,930. அலுவலகத்தைவிட ஆயிரம் வெள்ளி குறைவு.

சொந்த வாடிக்கையாளர்களாக இருந்து முழுக் கட்டணமும் உங்களுக்கே வந்தால் மாதச் சராசரி சுமார் 5,870. பெட்ரோல், இடக் கட்டணம், காப்புறுதி எல்லாம் இதிலிருந்து போகும். இப்போது பகுதி நேரக்காரரைப் பாருங்கள். சம்பளத்தோடு வாரம் 10 சொந்த வகுப்பு. 3,955-உடன் சுமார் 2,670 சேர்ந்தால் 6,600-க்கு மேல். ஆம், வேலையை விடாதவர் அதிகம் சம்பாதிக்கிறார். தூக்கமும் ஞாயிற்றுக்கிழமையும் அவர் கட்டுகிற விலை. இரண்டு ஆண்டு தாங்கலாம், இருபது ஆண்டு தாங்க முடியாது. எனக்கு நான்காம் ஆண்டில், ஒருவர் எத்தனை முறை எடையைத் தூக்கினார் என்பதை எண்ணும்போதே கண் சொக்கியது. கையில் இருபது கிலோ வைத்திருக்கும் மனிதர் முன்னால் தூங்கி வழியும் பயிற்சியாளரை நீங்கள் வைத்துக்கொள்வீர்களா?

பகல் பதினொரு மணி

ஆகவே முழு நேரமாகலாமா என்ற கேள்வியை நான் இப்படித் திருப்பிக் கேட்பேன்: செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்கு உங்களிடம் யார் வருவார்?

வருகிறவர்கள் உண்டு. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், இரவு வேலை முடித்துத் தூங்கி எழுந்த தாதியர், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு மதியத்துக்குள் திரும்ப வேண்டிய இல்லத்தரசிகள், சொந்தக் கடை வைத்திருப்பவர்கள். வாரம் இரண்டு நாள் தசைகளுக்குப் பயிற்சி தேவை என்று உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது இவர்களுக்கும்தான். ஆனால் இவர்கள் ஜிம் விளம்பரத்தைப் பார்த்து வருவதில்லை. கோயிலில், கிளினிக் வரிசையில், ஒருவர் சொல்லி மற்றவர் வருவார்கள். என் முதல் பகல் வாடிக்கையாளர், முழங்கால் வலிக்காரர் ஒருவர். தைப்பூசத்தில் பத்துமலை ஏறிவிட வேண்டும் என்பது அவர் இலக்கு. ஏறினார். அடுத்த மாதம் அவர் பஜனைக் குழுவிலிருந்து நான்கு பேர் வந்தார்கள். பெண் பயிற்சியாளர் என்றால் இந்த நேரத்தில் இன்னும் வாய்ப்பு அதிகம். ஆண் பயிற்சியாளர் வீட்டுக்கு வருவதை விரும்பாத குடும்பங்கள் நிறைய.

மேலே போட்ட கணக்கில் வாரம் ஆறு பகல் வகுப்பு மட்டும் சேர்த்துப் பாருங்கள்: 28 வகுப்பு, மாதச் சராசரி சுமார் 7,470. பகுதி நேரக்காரரை அப்போதுதான் தாண்டுகிறீர்கள். வேலையில் இருக்கும்போதே, ஆண்டு விடுப்பில் சில நாள் எடுத்து, பகல் வகுப்புகளைச் சோதித்துப் பாருங்கள். மூன்று பேர்கூடச் சேரவில்லையென்றால் இன்னும் ஓராண்டு அலுவலகத்தில் இருப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

பதிவு வேலைகள்

சொந்தமாகக் கட்டணம் வாங்கத் தொடங்கினால், தொடங்கிய 30 நாளுக்குள் மலேசிய நிறுவனங்கள் ஆணையத்தில் தொழிலைப் பதிய வேண்டும். சொந்தப் பெயரில் ஆண்டுக்கு 30 வெள்ளி, வணிகப் பெயரில் 60 வெள்ளி. பகுதி நேரமாக இருந்தாலும் இது பொருந்தும். வருமான வரிக்கு இனி சம்பளக்காரர்களின் பி.இ. பாரத்துக்குப் பதில் சொந்தத் தொழில் செய்வோரின் பி பாரம். கடைசி நாள் ஏப்ரல் 30 இல்லை, ஜூன் 30. ரசீதுகளை ஏழு ஆண்டு பத்திரமாக வையுங்கள். இ.பி.எஃப்.பில் நீங்களே தன்விருப்பமாகக் கட்டலாம். ஐ-சாரான் திட்டத்தில் சேர்ந்தால் தகுதியுள்ளவர்களுக்கு அரசும் ஆண்டுக்கு 500 வெள்ளிவரை சேர்க்கிறது.

சொக்சோவைத் தள்ளிப்போடாதீர்கள். 2017-ஆம் ஆண்டின் சொந்தத் தொழில் செய்வோருக்கான சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நீங்களே பதிந்துகொள்ளலாம். நான் தள்ளிப்போட்டேன். மழையில் மோட்டார் சைக்கிள் வழுக்கி மணிக்கட்டு முறிந்து ஆறு வாரம் கட்டோடு உட்கார்ந்திருந்தபோது, ஒரு வெள்ளி வரவில்லை.

ராஜினாமாக் கடிதம்

ஆறு மாத வீட்டுச் செலவு கையில் இருக்கட்டும். வீட்டில் இருப்பவர்களிடம் பணத்தைப் பற்றி மட்டும் பேசாமல் நேரத்தைப் பற்றியும் பேசுங்கள்: இரவுச் சாப்பாட்டுக்கு இனி நீங்கள் இருக்கமாட்டீர்கள், பகல் இரண்டு மணிக்கு இருப்பீர்கள். என் மனைவி இதைக் கேட்டுவிட்டு, "அப்படியானால் பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டி வருவது உங்கள் பொறுப்பு" என்றார். அதிலிருந்து ஒரு நாளும் தப்பியதில்லை.

கடிதம் கொடுக்கும் மாதத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். நோன்பு ஆண்டுக்குப் பதினோரு நாள் போல முன்னே நகரும், ஆகவே அந்த ஆண்டு நாட்காட்டியைப் பாருங்கள்; முழு நேரமான முதல் மாதம் நோன்பு மாதமாகவோ டிசம்பராகவோ அமைந்துவிடக் கூடாது. ஒப்பந்தத்தில் வேறு எதுவும் சொல்லப்படவில்லையென்றால் வேலைச் சட்டப்படி முன்னறிவிப்பு இரண்டு ஆண்டுக்குக் குறைந்த சேவைக்கு 4 வாரம், ஐந்து ஆண்டுக்குக் குறைவென்றால் 6 வாரம், அதற்கு மேல் 8 வாரம். எனக்கு எட்டு வாரம். அந்த எட்டு வாரமும் மதிய இடைவேளையில் அலுவலகத் தோழர்கள் மூன்று பேருக்கு மாடிப்படியில் வைத்துப் பயிற்சி கொடுத்தேன். அவர்களில் இருவர் இன்னும் வருகிறார்கள், செவ்வாயும் வியாழனும், காலை ஆறு மணிக்கு.